ஐந்து வேட்டைக் கத்திகளும் ஒரு பொட்டலம் குங்குமமும்

1

போன மாதம் எனக்கு ஒரு படிவம் வந்தது. நான்கு பக்கம். தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘காட்சிப் பொருட்களின் அருகில் வழிபாடு நடத்த அனுமதி கோரும் விண்ணப்பம்’. மூன்றாவது கேள்வி: வழிபடப்படும் கடவுளின் முழுப் பெயர். நான்காவது: கடவுள் கட்டடத்துக்குள் எத்தனை மணிக்கு வருவார், எத்தனை மணிக்குப் போவார். ஐந்தாவது: தீப்பற்றக்கூடிய பொருள் எதையாவது உடன் கொண்டுவருகிறாரா.

எறையூரிலிருந்து கிளம்பி ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இதுவரை நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் ஒரு டிராக்டர் லோடு தேறும். வீடு மாறினால் படிவம், குப்பைத் தொட்டிக்குப் படிவம், பெண்ணை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் படிவம். ஆனால் சரஸ்வதியின் வருகை நேரத்தைக் கேட்ட படிவம் இதுதான் முதல். அது ஏன் என் பெயருக்கு வந்தது என்றால், போன வருஷம் ஆயுத பூஜையன்று நான் அடித்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். ஊரில் இருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

2

நாங்கள் இருப்பது ஒரு சின்ன ஊர். ஊருக்கு வெளியே காட்டோரமாக ஒரு மாளிகை. அந்தக் காலத்துக் கோமகன் ஒருவர் வேட்டைக்கு வந்தால் தங்குவதற்காகக் கட்டியது. இப்போது மியூசியம். நான் அதன் பராமரிப்பாளர். பாய்லர், குழாய், பல்பு, பூட்டு, தரை கழுவும் மெஷின், இவ்வளவும் என் பாடு. பெரம்பலூரில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனி ஒப்பந்தத்தில் இங்கே வந்தேன். கம்பெனி மூடிக்கொண்டது. நான் மாளிகைக்கு வந்து சேர்ந்தேன். என் மனைவி மலர்க்கொடி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ்.

மாளிகையின் மாடியில் பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஐந்து வேட்டைக் கத்திகள். முந்நூறு, நானூறு வருஷத்துப் பழசு. வாள் என்று சொல்ல நீளம் பத்தாது, வெறும் கத்தி என்றால் கோமகனின் ஆவி கோபித்துக்கொள்ளும். ஒன்றுக்கு மான்கொம்பில் பிடி. விரல்களைக் காக்கச் சிப்பி வடிவத்தில் பொன்முலாம் பூசிய தகடு. அந்தத் தகட்டில் நான்கு நாய்கள் ஒரு காட்டுப்பன்றியைக் கவ்விக்கொண்டு தொங்கும். இன்னொன்றின் அலகு நீல நிறம். நீலத்தின் மேல் தங்கக் கோட்டில் ஒரு கலைமான் ஓடிக்கொண்டே இருக்கும், நாய்கள் இன்றுவரை பிடிக்கவில்லை. மூன்றாவதின் பக்கவாட்டில் ஒரு துப்பாக்கியே ஒட்டியிருக்கிறது. குத்த முடியாவிட்டால் சுடலாம், சுட முடியாவிட்டால் குத்தலாம், இரண்டும் முடியாவிட்டால் ஓடலாம்.

நான்காவதின் உறையில் சாப்பிடுவதற்கு ஒரு சின்னக் கத்தியும் முள்கரண்டியும் செருகியிருக்கும். ஜெர்மன் மொழியில் முள்கரண்டி பெண்பால், சின்னக் கத்தி அஃறிணை, அவற்றைச் சுமக்கும் வேட்டைக் கத்தி ஆண்பால். நான் எப்போதும் மூன்றையும் மாற்றிச் சொல்வேன். என் மகள் யாழினி தலையில் அடித்துக்கொண்டு திருத்துவாள். ஐந்தாவது கத்திதான் எனக்குப் பிடித்தது. அதன் அலகு முழுக்க வருஷக் காலண்டரைப் பொறித்து வைத்திருக்கிறார்கள், எந்த நாள் எந்தப் புனிதருக்கு உரியது என்று. நாம் நாள்காட்டியில் ராகு காலம் பார்த்துவிட்டு வெளியே கிளம்புவதில்லையா, அந்த வேலையைக் கோமகன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

இந்தக் கத்திகளால் உண்மையில் எவ்வளவு வேட்டை நடந்தது என்று எனக்குச் சந்தேகம்தான். நாய்கள் துரத்தும். ஆட்கள் சுற்றி வளைப்பார்கள். விலங்கு களைத்து நின்றதும் கோமகன் குதிரையிலிருந்து இறங்கி வந்து ஒரு குத்துக் குத்துவார், எல்லாரும் கைதட்டுவார்கள். நம் ஊரில் புது பஸ் ஸ்டாண்டுக்கு ரிப்பன் வெட்டுவது போலத்தான்.

3

என் அப்பா எறையூர் சர்க்கரை ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஆயுத பூஜையன்று பட்டறையே மணக்கும். லேத்திலிருந்து ஆணி பிடுங்கும் குறடு வரை கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைப்பார்கள். பொரி, கடலை, சுண்டல், பூசணிக்காய். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒன்றையும் விடக்கூடாது. ஒரு வருஷம் ஒரு திருப்புளியை மறந்துவிட்டார்கள். மறு வாரமே அது வழுக்கி அப்பாவின் கட்டைவிரலைக் கிழித்தது. “கோவம்டா அதுக்கு” என்று அப்பா கட்டுப் போட்ட விரலோடு அதற்குத் தனியாகச் சூடம் காட்டினார்.

இன்னொரு விஷயம். வைத்த பொட்டை எங்கள் பக்கம் யாரும் துடைப்பதில்லை. விஜயதசமியன்று கருவியைக் கையில் எடுத்தால் வேலை செய்யச் செய்யத் தானாக அழிந்துவிடும். அரியலூர் பக்கம் ஓடும் சிமெண்ட் லாரிகளில் மழை பெய்யும் வரை பொட்டு இருக்கும். துடைப்பது என்று ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு என்னைத் திட்டும்போது உதவும்.

போன வருஷம் ஆயுத பூஜை திங்கட்கிழமை வந்தது. திங்கட்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை, எனக்கு இல்லை. மலர்க்கொடிக்குப் பகல் டியூட்டி. யாழினிக்கு இலையுதிர் கால விடுமுறை, அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் இணையம் வேலை செய்யவில்லை என்ற ஒரே காரணத்துக்காக என்னோடு வந்தாள். காலையில் அவள் அம்மா நெற்றியில் வைத்துவிட்ட குங்குமத்தைப் பஸ் ஸ்டாப்பில் கைக்குட்டையால் துடைத்ததை நான் பார்த்தேன். பல மாதங்களாகவே அப்படித்தான். கேட்டால், “யாராவது கேப்பாங்கப்பா, பதில் சொல்லி மாளாது” என்பாள். அன்றைக்கு நான் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் வலித்தது.

கீழ்த்தளத்தில் என் கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்து, தரை கழுவும் மெஷினின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. இந்த நாட்டில் அந்த மாதம் பேய் முகம் செதுக்குவதற்காகவே பூசணிக்காய் மலிந்து கிடக்கும், அதற்கும் குறையில்லை. யாழினி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது வேப்பந்தட்டையிலிருந்து என் அண்ணன் மாணிக்கம் வீடியோவில் கூப்பிட்டார். அவர் அங்கே டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார்.

“எல்லாத்துக்கும் வச்சிட்டியா?”

“வச்சிட்டேண்ணே. ஸ்பேனரு, டிரில்லிங் மெஷினு, தர கழுவற மெஷினு.”

“மேல ஏதோ கத்தியெல்லாம் இருக்குன்னியே?”

“அது ராசா வூட்டு சொத்துண்ணே. நம்மளுது இல்ல.”

“சாவி யாருகிட்ட இருக்கு?”

“என்கிட்டதான்.”

“அப்பறம் என்னடா? பூசைக்குப் பேரே ஆயுத பூசை. ஆயுதத்த வுட்டுட்டுத் தர கழுவற மெஷினுக்கு வச்சிட்டு நிக்கிற. ஒன்ன நம்பி இருக்கற பொருளு. ஒன்னுக்கு வச்சி ஒன்னுக்கு வைக்காம வுட்டா அதுங்களுக்குக் கோவம் வராது?”

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

4

மேலே போனேன். ஈரம் உறிஞ்சும் பைகளை மாற்றுவதற்காக எப்படியும் திங்கட்கிழமைகளில் அந்தப் பெட்டியைத் திறப்பேன். திறந்தேன். யாழினியும் காதில் பாட்டோடு கூட வந்து பக்கத்துப் பெஞ்சில் பொரி தின்றுகொண்டிருந்தாள். காட்சிப் பொருளை வெறும் கையால் தொடக்கூடாது என்பது விதி. எனவே விதிப்படி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, காலண்டர் கத்தியின் பிடிக்குக் கீழே, எழுத்து இல்லாத இடமாகப் பார்த்துச் சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்தேன். அப்போதே கீழே பாய்லர் அலறியது. ஐந்துக்கும் வைக்க நேரம் இல்லை. பெரியவருக்கு வைத்தால் எல்லாருக்கும் வைத்த மாதிரி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, குங்குமப் பொட்டலத்தைப் பெஞ்சில் போட்டுவிட்டு ஓடினேன்.

பாய்லர் என்னை முக்கால் மணி நேரம் படுத்தியது. திரும்பி வந்து பெட்டியைப் பூட்டினேன். பார்த்தேனா என்றால் பார்க்கவில்லை, கண்ணாடியில் என் மூஞ்சியில் இருந்த கரிதான் தெரிந்தது. மறுநாளும் அந்த வாரம் முழுவதும் பாய்லரோடு மல்லுக்கட்டினேன். பொட்டு என்ற ஞாபகமே எனக்கு இல்லை. ஊரில் என்றால் அதற்குள் வேலை செய்து அழிந்திருக்கும். இவை கண்ணாடிக்குள் முந்நூறு வருஷமாகச் சும்மா படுத்திருப்பவை.

5

வெள்ளிக்கிழமை மியூசியத்தின் இயக்குநர் லிண்ட்னர் அம்மையார் மாடியிலிருந்து கத்தியது கீழ்த்தளம் வரை கேட்டது. திருடன் என்று நினைத்து ஸ்பேனரோடு ஓடினேன். அவர் பெட்டியின் முன் மண்டியிட்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பரவசம். “சிவப்பு! இங்கே பாருங்கள், சிவப்பு! இத்தனை வருஷம் யாரும் கவனிக்கவே இல்லை!” என்றார்.

லிண்ட்னர் அம்மையார் நல்லவர். அந்த வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த மியூசியம் எதற்கு என்று நகராட்சியில் சிலர் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்த மனுஷிக்கு என் குங்குமம் கிடைத்துவிட்டது. அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது: வேலை போகும், வேலை போனால் விசா, விசா போனால் வீடு, யாழினியின் பள்ளிக்கூடம். வாயை மூடிக்கொண்டேன்.

நான் கிட்டே போய்ப் பார்ப்பதற்குள் பெட்டியைத் துணி போட்டு மூடிச் சீல் வைத்துவிட்டார்கள். மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது: மஞ்சள், சுண்ணாம்பு, சந்தன மரம். “சந்தனம் இன்னும் மணக்கிறது, திரு செல்வராசு! எவ்வளவு அற்புதமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது!” என்று அம்மையார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கைதான் வைத்தது என்று அதற்கு மட்டும் தெரியும். பூச்சின் வயதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குத் தனிப் படிவமாம். அது யாரோ ஒருவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவர் விடுமுறையில் போயிருந்தார். இந்த நாட்டுப் படிவங்களை நான் அன்றுபோல் என்றும் வாழ்த்தியதில்லை.

ஆனால் அம்மையார் காத்திருக்கவில்லை. கோமகன் கீழ்த்திசை வணிகரிடமிருந்து மஞ்சள் வாங்கினார், வேட்டைக்கு முன் அதைக் கத்தியில் பூசும் ரகசியச் சடங்கு இருந்தது என்று ஒரு பேருரை தயாரித்தார். நகர மேயர், பக்கத்து ஊர்ப் பேராசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லாருக்கும் அழைப்பு போயிற்று. அரங்கத்தில் நாற்காலி போட்டது நான். மைக் மாட்டியதும் நான். அத்தனை பேர் முன்னால் அந்த அம்மாள் என் குங்குமத்தைக் காட்டி அவமானப்படப் போகிறார்.

அண்ணனிடம் சொன்னேன். “சொல்லிப்புடுடா. அந்தம்மா பாவம்” என்றார். கொஞ்சம் யோசித்து, “பொரி, சுண்டல் எடுத்துட்டுப் போயிச் சொல்லு” என்றார்.

6

உரைக்கு முந்தின நாள் மதியம் போய்ச் சொன்னேன். சுண்டலும் எடுத்துக்கொண்டுதான் போனேன். இரண்டு நாளாக மனப்பாடம் செய்த ஜெர்மன் வாக்கியங்களை ஒப்பித்தேன். எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள் கருவிகளைக் கும்பிடுவோம், நான் காலண்டர் கத்தியைக் கும்பிட்டுவிட்டேன், கையுறை போட்டிருந்தேன், மன்னிக்க வேண்டும்.

அம்மையார் சுண்டல் டப்பாவைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாக, “ஒன்றில் மட்டுமா?” என்றார்.

“ஒன்றில் மட்டும்தான்.”

“பொய் சொல்கிறீர்கள். ஐந்திலும் இருக்கிறது.”

அவர் புகைப்படங்களை மேஜையில் பரப்பினார். ஐந்து கத்தி, ஐந்து பொட்டு. துப்பாக்கிக் கத்திக்கும் இருந்தது. உறையில் இருந்த முள்கரண்டிக்குக்கூடக் கடுகளவு ஒரு பொட்டு. “ஒன்றில் இருந்தால் அது கறை. ஐந்திலும் ஒரே இடத்தில் இருந்தால் அது வழக்கம். என் உரையே அதன் மேல்தான் நிற்கிறது. அதுமட்டுமல்ல, நான்கில் விரல்ரேகை இருக்கிறது. மெல்லிய விரல், ஓர் இளம்பெண்ணுடையது. கோமகனின் மனைவி தன் கையால் வைத்தது என்று எழுதியிருக்கிறேன்” என்றார். அவர் குரல் உடைந்தது. நான் ஒப்புக்கொண்ட ஒன்றில்தான் விரல்ரேகையே இல்லை. விதிப்படி கையுறை போட்டவனை இப்படியா சோதிப்பது?

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். “சாமிதாண்டா வந்து வச்சிருக்கு” என்றார், ஒரு நொடிகூடத் தயங்காமல்.

7

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் மலர்க்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாழினி எதிரில் உட்கார்ந்து தோசையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கோமகனின் மனைவி என்ற இடம் வந்ததும் அவள் கை நின்றது. காதில் இருந்ததைக் கழற்றினாள்.

“அப்பா, அது நான்.”

“என்னது நீ?”

“மத்த நாலும் நான்தான் வச்சேன். பெரியப்பா சொன்னாருல்ல, ஒன்னுக்கு வச்சி ஒன்னுக்கு வைக்கலன்னா கோவம் வரும்னு. நீங்க ஒன்னுக்கு வச்சிட்டு ஓடிட்டீங்க. மத்ததுங்க எல்லாம் சும்மா பாத்துக்கிட்டே இருந்துச்சு. பாவமா இருந்துச்சுப்பா.”

“முள்கரண்டிக்கு ஏண்டி வச்ச?”

“அதுவும் அங்கதான இருந்துச்சு?”

மலர்க்கொடி சிரித்த சிரிப்பில் தோசை கருகியது. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்த நேரத்தில் இந்தப் பெண் அண்ணன் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். நெற்றியில் வைத்ததைத் துடைத்த அதே விரல்தான் நாலு கத்திக்கும் ஒரு முள்கரண்டிக்கும் வைத்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலை போகப் போகிற ஆள் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது.

மறுநாள் காலையில் யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு லிண்ட்னர் அம்மையாரிடம் வந்தாள். நல்ல ஜெர்மனில், ஆண்பால், பெண்பால், அஃறிணை ஒன்றும் தவறாமல் சொன்னாள். பிறகு ரப்பர் ஸ்டாம்புக்கான மைப்பெட்டியை அவளே கேட்டு வாங்கி விரலைப் பதித்துக் காட்டினாள். அம்மையார் பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்த்தார். “கோமகனின் மனைவி ஒன்பதாம் வகுப்பா?” என்றார். சிரிக்கவில்லை.

உரை நடந்தது. மஞ்சளை எடுத்துவிட்டு, காலண்டர் கத்தியில் உள்ள புனிதர்களின் பெயர்களைப் பற்றிப் பேசினார். இருபது பேர் வந்தார்கள், ஆறு பேர் தூங்கினார்கள். எனக்கு எழுத்து மூலமாக ஓர் எச்சரிக்கை வந்தது. வேலை போகவில்லை. அந்தப் பாய்லரின் மனசு தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான், அது காரணமாக இருக்கலாம். அம்மையார் இரண்டு மாதம் என்னோடு வேலைக்குத் தேவையானதற்கு மேல் பேசவில்லை. அது நியாயம்தான். ஒரு நாள் அவரே கீழ்த்தளத்துக்கு வந்து, “அந்தச் சுண்டலை எப்படிச் செய்வது?” என்று கேட்டார்.

8

அந்த அம்மையார்தான் இந்த வருஷம் படிவம் அனுப்பினார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘இனி திருட்டுத்தனமாக வேண்டாம். ஆனால் உலோகத்தின் மேல் வைக்கக்கூடாது.’ யாழினிதான் நிரப்பினாள். கடவுள் போகும் நேரம் என்ற இடத்தில், ‘உறுதி இல்லை’ என்று எழுதினாள். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதுவாள் என்று எட்டிப் பார்த்தேன். யாழினி செல்வராசு என்று தன் பெயரை எழுதியிருந்தாள். பதினாறு வயதில் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டதற்கு, படிவத்தில் வயது கேட்கவில்லை என்றாள். கடவுளின் முழுப் பெயரைக் கேட்டவர்கள் அதை மறந்துவிட்டார்கள்.

ஆயுத பூஜையன்று காலை, மியூசியம் திறக்கும் முன் நானும் மலர்க்கொடியும் யாழினியும் மாடியில் நின்றோம். கத்தியில் வைக்கக்கூடாது என்பதால், கண்ணாடிக்கு வெளியே வைப்பதென்று முடிவு. ஒவ்வொரு கத்திக்கும் நேராக, எதிரில் நின்று பார்த்தால் அதன் மேலேயே இருப்பது போல ஒரு பொட்டு. அம்மையார் அளவுகோலோடு வந்திருந்தார். கொஞ்சம் இடது, கொஞ்சம் மேலே என்று அவர் சொல்லச் சொல்ல யாழினி வைத்துக்கொண்டே வந்தாள். முள்கரண்டியை நான் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

கடைசியாகக் காலண்டர் கத்திக்கு வைத்தாள். சரியாக இருக்கிறதா என்று ஓர் அடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. பொட்டு சரியாக அவள் நெற்றியின் நடுவில் இருந்தது. அவளும் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்திருந்தால் அது போயிருக்கும். நகரவில்லை. போனை எடுத்து அப்படியே படம் பிடித்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினாள்.

உடனே வேப்பந்தட்டையிலிருந்து கூப்பிட்டார். “நல்லாருக்குடா தங்கம். சாமியாட்டம் இருக்க. அது சரி, கீழ இருக்கற தர கழுவற மெஷினுக்கு ஒங்கப்பன் வச்சானா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தி, கண்ணாடி, படிவம் என்று அலைந்ததில் என் கருவி ஒன்றுக்கும் நான் வைக்கவே இல்லை. பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினேன்.

“ஓடாதீங்கப்பா” என்றாள் யாழினி. “எல்லாத்துக்கும் வந்த ஒடனே வச்சிட்டேன்.”